பஞ்சுவும் பதினேழாம் விதியும்

1

தில்லி துவாரகாவில் இந்த வீட்டுக்குக் குடிவந்து இன்றோடு ஒரு வருடம் ஆகிறது. ஊரிலிருந்து யார் ஃபோன் செய்தாலும் முதலில் கேட்பது, “சொந்த வீடு எப்படி இருக்கு?” என்றுதான். முப்பத்தோரு வருடம் சர்க்கார் குவார்ட்டர்ஸில் காலம் தள்ளியவன் ரிட்டயர் ஆனதும் தில்லியிலேயே வீடு வாங்கிவிட்டான் என்றால் பாளையங்கோட்டையில் ஒரு மதிப்பு இருக்கத்தான் செய்கிறது. நானும் சளைக்காமல் ஒப்பிப்பேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் உண்டு, தண்ணீர் இரண்டு வேளையும் வரும், பால்கனியில் நின்றால் விமானம் இறங்குவது தெரியும்.

ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை. இந்த வீட்டில் எங்கள் நாய் இல்லை. அது இங்கே இல்லாமல் போனதற்குக் காரணம் நான். வேறு யார் மேலாவது பழியைத் தூக்கிப் போடலாமா என்று ஒரு வருடமாக யோசித்துப் பார்த்துவிட்டேன், ஆள் கிடைக்கவில்லை.

இன்று காலை ஒரு ஃபோன் வந்தது. அது வந்திராவிட்டால் இதை எழுதியிருக்க மாட்டேன். ஆனால் ஃபோனைப் பற்றிச் சொல்வதற்கு முன் பஞ்சுவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

2

அப்போது சரோஜினி நகரில் தரைத்தள குவார்ட்டர்ஸில் இருந்தோம். மகள் செல்வி எட்டாம் வகுப்பு. தில்லியில் குளிர் தொடங்கும்போது தெருத்தெருவாகப் பஞ்சு அடிக்கிறவர்கள் வருவார்கள். பழைய ரஜாயைப் பிரித்து, உள்ளே கட்டிதட்டிப்போன பஞ்சை வில்போன்ற ஒரு கருவியால் அடித்துப் பூவாக்கித் தைத்துத் தருவார்கள். அப்படி எங்கள் வாசலில் குவித்து வைத்திருந்த பஞ்சுக்குள் ஒரு தெருநாய்க்குட்டி புகுந்து படுத்துவிட்டது. வெள்ளைப் பெண்குட்டி. பஞ்சு எது, நாய் எது என்று தெரியாமல் அந்த மனிதர் இரண்டையும் சேர்த்து அள்ளினார். அது கத்திய கத்தில் அவர் பயந்து பின்னால் விழுந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

“நாய்ங்கிற பேச்சே இந்த வீட்ல கூடாது,” என்றேன். குடும்பத் தலைவன் அப்படித்தானே சொல்ல வேண்டும்.

என் மனைவி வடிவுக்கு நாய் என்றாலே நடுக்கம். அவள்தான் கொட்டாங்குச்சியில் பால் ஊற்றினாள். செல்வி பஞ்சு என்று பெயர் வைத்தாள். மூன்றாம் நாள் நான் ஆபீசிலிருந்து வரும்போது அது என் செருப்பின் மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்ப மனம் வராமல் வெறுங்காலோடு கடைக்குப் போய்வந்தேன். அதோடு என் ஆட்சேபம் தள்ளுபடி ஆகிவிட்டது.

வடிவு தில்லிக்கு வந்து பத்து வருடம் ஆகியும் அவளுக்கு இருந்த ஹிந்தி அச்சா, கித்னா, நஹி ஆகிய மூன்றுதான். நான் ஆபீஸ், மகள் பள்ளி. பகல் முழுக்க அவள் பேச ஆள் கிடையாது. பஞ்சு வந்த பிறகு காலையிலிருந்து சாயங்காலம்வரை அதனோடு பேச்சுத்தான். கறிக்காரன் ஏமாற்றியது, தண்ணீர் வராதது, அவள் மதினி கல்யாணத்தில் சொன்ன சொல் எல்லாவற்றையும் பஞ்சு கேட்டுக்கொண்டது. அதனால் பஞ்சு தமிழ் நாயாகவே வளர்ந்தாள். காலனிப் பிள்ளைகள் “ஆஜா, ஆஜா” என்று தொண்டை வறளக் கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள். வடிவு உள்ளேயிருந்து மெதுவாக “ஏட்டி” என்றால் போதும், பறந்து வருவாள்.

செல்வி விஷயம் நேர் எதிர். மோதி பாகில் தமிழ்ப் பள்ளி இருந்தும், பக்கம் என்பதற்காக வேறு பள்ளியில் சேர்த்தேன். அது என் முதல் தப்பு. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஹிந்தியில் பதில் சொல்வாள். “சாப்பிட வாம்மா” என்றால் “ஏக் மினிட், அப்பா” என்பாள். தமிழில் பேசு என்று கோபித்தால் பேச்சையே நிறுத்திவிடுவாள். ஆனால் பஞ்சுவுக்கு ஹிந்தி தெரியாதே. அதனால் அவளிடம் மட்டும் தமிழ்தான். அதுவும் வடிவின் வாயிலிருந்து அப்படியே எடுத்த திருநெல்வேலித் தமிழ். பெற்றவர்களுக்கு ஹிந்தி, நாய்க்குத் தமிழ் என்று எங்கள் வீட்டில் ஒரு மொழிக்கொள்கை அமைந்துவிட்டது. எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அந்த நாய்க்கு நான் நன்றிக்கடன் பட்டிருந்தேன்.

3

நாய் வளர்க்காதவர்களுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டம். ஆபீசில் நான் ஒரு செக்ஷன் ஆபீசர். மேலே பத்துப் பேர் விரட்ட, கீழே பத்துப் பேர் முறைக்க, நடுவில் ஃபைலைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆள். சாயங்காலம் சார்ட்டர்ட் பஸ் வந்து நிற்கும்போது, இறங்குகிற நாற்பது பேரில் என் ஒருவனுக்காக மட்டும் ஒரு ஜீவன் பைத்தியம் பிடித்ததுபோலக் குதிக்கும். பஸ்ஸில் வருகிறவர்கள், “வேலாயுதம் ஜி, உங்க பி.ஏ. வந்தாச்சு” என்று கேலி செய்வார்கள். அந்தக் கேலிக்காகவே இறங்கும்போது கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி இறங்குவேன்.

ரொட்டியைத் தொடமாட்டாள். தோசை, தயிர்சோறு, ஞாயிற்றுக்கிழமை தேங்காய்ப்பால் சொதி வைத்தால் அதில் ஊறின சோறு. குளிர்காலத்தில் ரஜாய்க்கு வெளியே என் கால்மாட்டில் படுப்பாள். நடு ராத்திரியில் உள்ளே வந்திருப்பாள். காலையில் இருவரும் ஒன்றும் நடக்காததுபோல எழுந்துகொள்வோம்.

அவளுடைய கோபத்தையும் சொல்லவேண்டும். எங்களுக்கு எல்.டி.சி. என்று ஒன்று உண்டு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சர்க்கார் செலவில் குடும்பத்தோடு சொந்த ஊர் போய்வரலாம். தில்லித் தமிழன் கோயில் திருவிழாவை மறந்தாலும் எல்.டி.சி.யை மறக்கமாட்டான். மே மாதம் பெட்டி கட்டுவோம், பஞ்சுவைப் பக்கத்து வீட்டில் சொல்லி விட்டுவிட்டு ரயிலேறுவோம். சரியாக ஒரு மாதம். திரும்பி வந்து இறங்கும்போது பஞ்சு வாசற்படியில் இருப்பாள். இருப்பாளே தவிர எங்களைப் பார்க்கமாட்டாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். சோறு வைத்தால் நாங்கள் நகர்ந்த பிறகுதான் சாப்பிடுவாள். ஆனால் வாசலை அடைத்துக் குறுக்கே படுத்துக்கொள்வாள், யாரும் மறுபடி வெளியே போய்விட முடியாதபடி. இரண்டு நாள் இப்படி. மூன்றாம் நாள் காலையில் ஒன்றுமே நடக்காததுபோல வந்து கையை நக்குவாள்.

ஒவ்வொரு எல்.டி.சி.க்கும் இது தவறியதில்லை. பெட்டியைப் பார்த்தால் போகிறார்கள் என்றும், ஒரு மாதத்தில் வந்துவிடுவார்கள் என்றும் அவளுக்குப் பாடமாகியிருந்தது.

4

இனி நான் செய்த காரியம்.

பஞ்சு வருவதற்கு மூன்று வருடம் முன்பே, மத்திய சர்க்காரில் இருந்த தமிழர்கள் நூற்றுச் சொச்சம் பேர் சேர்ந்து ஒரு வீட்டுவசதி சொசைட்டி ஆரம்பித்தோம். விதிமுறைகளை எழுதும் வேலை என்னிடம் வந்தது. ஆபீசில் டிராஃப்ட் என்றால் வேலாயுதம் என்று பெயர் வாங்கியிருந்தேன், அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு. குவார்ட்டர்ஸ் விதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதினேன். அதில் மாடு, எருமை, கோழி வளர்க்கக்கூடாது என்று மட்டும் இருந்தது. அந்தச் சமயம் மாடிவீட்டுக்காரரின் பொமரேனியன் என் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. பேனாவை எடுத்து, ‘மாடு’க்கு முன்னால் ‘நாய்’ என்று சேர்த்தேன். பதினேழாம் விதி. அந்த ஒரு சொல் முழுக்க முழுக்க என் சொந்தச் சரக்கு. கூட்டத்தில் படித்தபோது கைதட்டினார்கள்.

நிலம் கிடைத்து, வழக்கு நடந்து, கட்டிடம் எழும்பிச் சாவி கைக்கு வர பதினான்கு வருடம் ஆயிற்று. அதற்குள் பஞ்சு வந்து, வளர்ந்து, கிழவியும் ஆகிவிட்டாள். செல்வி கல்யாணம் ஆகி அமெரிக்கா போய்விட்டாள். “ரெண்டே வருஷம்தான் அப்பா,” என்று சொல்லிவிட்டுப் போனாள். எங்களிடம் விடைபெற ஐந்து நிமிடம், பஞ்சுவிடம் அரை மணி நேரம்.

எனக்கு ரிட்டயர்மென்ட் வந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய நான்கு மாதம் தவணை. அப்போதுதான் பதினேழாம் விதி என் கழுத்தில் கைவைத்தது.

திருத்தம் கேட்டுப் பொதுக்குழுவுக்கு ஒரு குறிப்பு எழுதினேன். இங்கேதான் என் புத்தியைச் சொல்லவேண்டும். முப்பத்தோரு வருடப் பழக்கம், ஒரு விஷயம் என்றால் ஆதரவு, எதிர்ப்பு இரண்டு பக்கமும் பாரபட்சமில்லாமல் எழுதித்தான் மேலே அனுப்புவோம். அதேபோல எழுதிவிட்டேன். ஆதரவாக மூன்று பாயிண்ட். எதிராக ஏழு. எழுதும்போது ஏழும் அவ்வளவு சுத்தமாக வந்து விழுந்தன.

தலைவர் சுந்தரராமன், ரிட்டயர்டு அண்டர் செக்ரட்டரி, கும்பகோணத்துக்காரர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஓய் வேலாயுதம், எதிர்ப்பு பாயிண்ட்டெல்லாம் அபாரமா எழுதியிருக்கீரே! நேக்கே ஒரு நாய் வளர்க்கலாமான்னு சபலம் இருந்தது. உம்ம நோட்டைப் படிச்சப்புறம் அது போயிடுத்து.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், என்ன செய்வது.

“ரூல் போட்டது நீர்,” என்றார் அவர், இம்முறை சிரிக்காமல். “நீரே மாத்தச் சொன்னா, நாளைக்கு ஒவ்வொருத்தனும் ஒவ்வொண்ணை மாத்தச் சொல்லுவான். ஆதரவா கை தூக்குங்கோ.”

தூக்கியவர்கள் நான்கு பேர், என்னையும் சேர்த்து.

வீட்டுக்கு வந்து சொன்னதும் வடிவு, “எந்த சொசைட்டியில நாய் இல்ல? பேசாம கூட்டிட்டுப் போவோம். என்ன செஞ்சிருவாவ?” என்றாள்.

“நானே எழுதின விதிய நானே மீறுனா நல்லாவா இருக்கும்?”

“வாயில்லாத சீவன விட்டுட்டுப் போறது மட்டும் நல்லாருக்கா?”

 அவள் சொன்னபடி செய்திருக்கலாம். பெரிதாக என்ன வந்திருக்கும்? ஒரு நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். நானும் அதற்குப் பதில் எழுதிப் பத்து வருடம் இழுத்திருப்பேன், அந்த வித்தை எனக்குத் தெரியாததா? ஆனால் கைவரவில்லை. வேலாயுதம் விதியை மீறினான் என்று நாலு பேர் லிஃப்டில் பேசிக்கொள்வார்களே என்று பயந்தேன். அவ்வளவுதான் விஷயம். நான் கோழை.

5

எங்கள் குவார்ட்டர்ஸ் ஒரு ஹரியானாக்காரருக்கு அலாட் ஆகியிருந்தது. பெயர் சௌத்ரி. அவர் மனைவி நல்ல மனுஷி. பஞ்சுவைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்னதும், “சிந்தா மத் கரோ அங்கிள் ஜி, எங்க வீட்டுல நாய்க்கும் ஒரு ரொட்டி எப்பவும் உண்டு,” என்று ஹிந்தியில் தைரியம் சொன்னார். வடிவு சொல்லச் சொல்ல நான் பத்துச் சொற்களை ஹிந்தி எழுத்தில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டிக்கொடுத்தேன். வா, இரு, சாப்பிடு, போதும், உள்ளே போ. கடைசியாக ஏட்டி. அந்த அம்மாள் அதை உரக்கப் படித்துப் பார்த்தார். பஞ்சு காதை மட்டும் அசைத்தாள்.

காலி செய்கிற அன்று லாரி வந்தது. பஞ்சு குரைப்பாள், லாரிக்குப் பின்னால் ஓடிவருவாள் என்று பயந்து முந்தின நாள் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் ஓடிவரவில்லை. பெட்டிகள் வெளியே வருவதைப் பார்த்தாள். ஒவ்வொன்றாக மோந்தாள். பிறகு நிதானமாக வாசற்படியில் ஏறிப் படுத்துக்கொண்டாள்.

அதைப் பார்த்ததும் வடிவு வாயைப் பொத்திக்கொண்டாள். “எல்.டி.சி.ன்னு நெனைக்கா,” என்றாள்.

ஆமாம். அப்படித்தான் நினைத்தாள். ஒரு மாதம், அப்புறம் வந்துவிடுவார்கள். எத்தனை முறை பார்த்திருக்கிறாள். எங்கள் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. லாரி திரும்பும்போதுகூட அவள் தலையைத் தூக்கவில்லை.

6

முதல் ஞாயிற்றுக்கிழமையே தயிர்சோற்றை டப்பாவில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். துவாரகாவிலிருந்து சரோஜினி நகருக்கு இரண்டு பஸ் மாறவேண்டும். வடிவு வரவில்லை. “எனக்குத் தெம்பு இல்ல. நீங்க போய்ப் பாருங்க,” என்றுவிட்டாள்.

பஞ்சு வாசற்படியில்தான் இருந்தாள். என்னைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஊரிலிருந்து திரும்பி வந்துவிட்டேன் என்று நினைத்துவிட்டாள், வழக்கமான கோபம். பக்கத்தில் உட்கார்ந்து கூப்பிட்டேன், தடவினேன். தோலைச் சிலிர்த்து என் கையை உதறினாள். தயிர்சோற்றைத் தொடவில்லை. மதியம் ரொட்டி சாப்பிட்டாகிவிட்டது என்று சௌத்ரியின் மனைவி சொன்னார். ரொட்டி பழகிவிட்டாளாம்.

கோபம் தீர அவளுக்கு இரண்டு நாள் வேண்டும். என்னிடம் இருப்பது இரண்டு மணி நேரம். பிறத்தியார் வீட்டு வாசலில் ஒரு மனிதன் எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பான்? நான் எழுந்ததும் அவள் எழுந்துபோய் கேட்டுக்குக் குறுக்கே படுத்தாள். அவளைத் தாண்டி வந்தேன். பதினோரு வருடத்தில் முதல்முறையாக அவளைத் தாண்டி வந்தேன்.

அதற்குப் பிறகும் போகாமல் இருக்க முடியவில்லை. வாரம்தோறும் போனேன், பிறகு மாதம் இரண்டு தடவை. ஒவ்வொரு முறையும் இதேதான். மூன்றாம் நாள் காலை எங்களுக்கு வரவேயில்லை. ஒருநாள் சௌத்ரியே மெதுவாகச் சொன்னார், நான் வந்துபோனால் அவள் இரண்டு நாள் சாப்பிடாமல் கேட்டருகே கிடக்கிறாளாம். வராமல் இருப்பது அவளுக்கு நல்லதா, வருவது நல்லதா என்று கேட்டேன்.  நான் போவதை நிறுத்தி இப்போது நான்கு மாதம்.

7

செல்வியிடம் இதைச் சொல்லவில்லை. வீடு மாறிய வாரம் அவள் ஃபோனில் கேட்டது, “பஞ்சுவுக்குப் புது வீடு புடிச்சிருக்கா?” என்றுதான். அந்தச் சமயம் அங்கே தனியாக இருக்கிறேன் என்று ஃபோனுக்கு ஃபோன் அழுதுகொண்டிருந்தாள். வடிவு சட்டென்று, “ரொம்பப் புடிச்சிருக்கு, பால்கனிலயே கெடக்கா,” என்றுவிட்டாள். பிறகு அந்தப் பொய்யைத் தீனி போட்டு வளர்க்கவேண்டியதாயிற்று. பஞ்சு லிஃப்டுக்குப் பயப்படுகிறாள், பஞ்சு விமானத்தைப் பார்த்துக் குரைக்கிறாள் என்று இருவரும் மாறி மாறிச் சொல்லி ஒரு வருடத்தை ஓட்டிவிட்டோம். இரண்டு வருடத்தில் வரப்போகிறவள்தானே, வந்ததும் காலில் விழாத குறையாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தோம்.

இன்று காலை ஃபோன் வந்தபோது வடிவு குளித்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, வீட்டுக்கு ஏக் சால் ஹோ கயா நா? காங்கிராட்ஸ்!” என்றாள். அப்புறம் அம்மா, உடம்பு, குளிர் என்று ஹிந்தியும் இங்கிலீஷுமாக நான்கு வார்த்தை. பிறகு, பஞ்சுவைப் பற்றிக் கேட்கும்போது எப்போதும்போலத் தமிழுக்கு மாறினாள்.

“பஞ்சு பக்கத்துல இருக்காளாப்பா?”

“ம். இருக்கா.”

“அவ காதுல ஃபோன வையுங்க. அவகிட்ட பேசணும்.”

இந்த ஒரு வருடத்தில் அவள் இப்படிக் கேட்டதே இல்லை. தூங்குகிறாள் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அது தோன்றவில்லை. “இந்தா,” என்று சொல்லிவிட்டு ரிசீவரை ஒரு சாண் தள்ளிப் பிடித்தேன். பிறகு என்னையறியாமல் என் காதிலேயே வைத்தேன். மூச்சை அடக்கிக்கொண்டேன்.

“ஏட்டி பஞ்சு... பஞ்சுக்குட்டி... செல்வி பேசுதேன். என்ன செய்யுத? சாப்ட்டியா? அம்மா தோசை போட்டாளா?”

என் மகள் இத்தனை தமிழ் பேசி நான் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! கண்ணை மூடிக்கொண்டேன்.

“ஒனக்கு வயசாயிட்டுல்லா? மாடி ஏற முடியுதா? எனக்கு ஒன்ன மோந்து பாக்கணும்போல இருக்குட்டி.”  குரல் தணிந்து வந்தது. “ஒன்ட்ட ஒண்ணு சொல்லணும். யார்ட்டயும் சொல்லிராத. நாங்க இனிமே அங்க வரலட்டி. அவருக்கு இங்கயே நிரந்தரமா வேலை ஆயிட்டு. வீடுகூட பாத்தாச்சு. அப்பாட்ட எப்பிடிச் சொல்லன்னு தெரியல. சொன்னா அப்பா ஒண்ணும் சொல்லமாட்டாவ, ‘சரிம்மா’ம்பாவ. அதான் எனக்குப் பயமா இருக்கு. நீ அவிய ரெண்டு பேர் பக்கத்துலயே இரு, என்ன? நீ அங்க இருக்கேங்கிற தைரியத்துலதான் நான் இங்க இருக்கேன்.”

அழுதாள். நான் வாயைத் திறந்தால் நாய் இல்லை என்பது தெரிந்துவிடும். திறக்காவிட்டால் என் பெண் அழுவதைக் கேட்டுக்கொண்டு நிற்கவேண்டும். நின்றேன். அழுது முடித்து, மூக்கை உறிஞ்சி, “அப்பா?” என்று கூப்பிட்டாள். ஐந்து எண்ணிவிட்டு, “சொல்லும்மா,” என்றேன்.

“கேட்டாளாப்பா?”

“கேட்டா.”

“வால் ஆட்டினாளா?”

“ஆட்டினாம்மா.”

அவள் சிரித்தாள். “அச்சா, டீக் ஹை அப்பா, பை,” என்று வைத்துவிட்டாள்.

வடிவு தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஈரத்தோடு ஓடிவந்தாள். “செல்வியா? வச்சுட்டாளா? எப்ப வாராளாம்?”

“கேக்கல.”

“அதக்கூட கேக்காம வேற என்னதான் பேசுனீய இவ்வளவு நேரம்?”

“நான் ஒண்ணும் பேசல, வடிவு,” என்றேன்.